ஆவணி வரட்டும்னு வச்சிருந்த உரல்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கோங்க தம்பி. பையில உரல் இருக்கு. கல்லுரல் இல்ல, சுட்ட மண்ணு உரலு. லேசா ஒரு உதை பட்டாலும் விரிசல் விட்டுரும். தாய்லாந்துல இருந்து பிளேன்ல பத்திரமா வந்தது, சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல உடைஞ்சதுன்னா நான் போய் என்ன பதில் சொல்றது? மடியிலதான் வச்சிருந்தேன், டிக்கெட் எடுக்கிறதுக்காகக் கீழ வச்சேன். இருங்க, தூக்கி வச்சுக்கிறேன். ஆங், இப்பச் சரி.

நீங்க திருநெல்வேலியா? சரி சரி. போன வேலை முடிஞ்சு சாயங்காலம் சாத்தூருக்கே திரும்பிருவீக. நமக்குக் கோவில்பட்டி. இந்தா இருக்கு, கூப்பிடு தூரம். ஊருக்குள்ள போற பஸ்ஸுதானான்னு கண்டக்டர்ட்ட மறுபடி மறுபடி கேட்டுட்டுத்தான் ஏறுனேன். பைபாஸ்ல எறக்கிவிட்டுட்டா உரலைத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடக்கணும், சட்டை வேர்வையில நனைஞ்சு போகும்.

சட்டை புதுசான்னா கேக்குறீக? பீரோவுல கிடந்துச்சு, எடுத்துப் போட்டேன். தலைக்கு மை? அது முடிவெட்டுற தங்கராசு பண்ணுன வேலை. வேணாம்னுதான் சொன்னேன். ரொம்பச் சொல்லலை, ஒரு தடவை சொன்னேன். அவன் கேக்கலை.

நம்ம பேரு ரத்தினவேல். சாத்தூர்ல வத்தக்கடை அண்ணாச்சின்னு கேட்டா யாரும் கை காட்டுவாக. மிளகா வத்தல் மொத்த யாவாரம். முண்டு வத்தல், சம்பா வத்தல், எதைக் குடுத்தாலும் காதுகிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டுனா விதை சத்தத்துலயே எந்தக் காட்டு வத்தல்னு சொல்லிருவேன். இப்பக் கடையை மகன் பாக்கான். நான் காலையில போய்க் கல்லாப்பக்கம் கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு வந்துருவேன். என் வீட்டம்மா கனி போனதுக்கப்புறம் வீட்டுலயும் பெருசா சோலி இல்ல. வாயில ருசியும் இல்ல. மருமக நல்லாத்தான் சமைக்கா, குறை சொல்லப்படாது. எது போட்டாலும் எனக்கு ஒன்னு போலத்தான் இருந்துச்சு.

அதைப் பாத்துட்டுத்தான் மகன் சொல்லுதான், "அப்பா, மதுரையில ஒரு டிராவல்ஸ்காரங்க தாய்லாந்து கூட்டிட்டுப் போறாங்க, நம்ம ஊர்ச் சமையல்காரரையும் கூடவே கூட்டிட்டுப் போறாங்க, தினமும் சாம்பார் ரசம் உண்டு, போயிட்டு வாங்க"ன்னு. நான் போகமாட்டேன்னுட்டேன். அவன் பாட்டுக்குப் பேரைக் குடுத்துட்டான். சித்திரையில, வருசப்பிறப்பை ஒட்டிப் போனோம்.

நம்மாளுக கூத்தைக் கேளுங்க. பாங்காக்குல இறங்கி ஓட்டலுக்குப் போனா, கீழ ஒரு பெரிய ரூம்ல நம்ம சமையல்காரர் நாகுப்பிள்ளை ரவா உப்புமா கிண்டிக்கிட்டு நிக்காரு. மத்தியானம் வத்தக்குழம்பு. அப்பளத்தை மட்டும் கப்பலுக்கு ஏத்துற கணக்கா மூட்டை கட்டிக் கொண்டாந்திருந்தாரு. எல்லாரும் வரிசையில நின்னு தட்டுல வாங்கிக்கிட்டு, ஆகா ஊர்ல சாப்பிட்ட மாதிரியே இருக்குன்னு சந்தோசப்பட்டாக. நானும் பட்டேன். அப்ப ஒரு சத்தம், "ரசம் சாப்பிடுறதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?"

திரும்பிப் பாத்தா ஒரு அம்மா. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில வெறும் தட்டோட. அவுகதான் அமிர்தவல்லி. கோவில்பட்டிக்காரவுக. டெலிபோன் எக்சேஞ்சுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவுக. வீட்டுக்காரர் தவறி ரொம்ப வருசம் ஆச்சாம், ஒரே மக, பெங்களூர்ல. இந்த உரலு அவுகளோடது. அதைக் குடுக்கத்தான் போறேன். வேற ஒன்னும் இல்ல.

தட்டை மேசையில வச்சுட்டு என்னையப் பாத்துச் சொன்னாக, "அண்ணாச்சி, பின்னால தெருவுல ஒரு சந்தை இருக்காம். துணைக்கு வர்றீகளா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு." அம்புட்டுப் பேரு இருக்கைல என்னையக் கேட்டாக. நான்தான் வாசல்பக்கம் நின்னேன், அதனால கேட்டிருப்பாக. ஒரு பொம்பளை ஆளு துணைக்குக் கூப்பிடுறப்ப முடியாதுன்னு சொல்லலாமா? சொல்லப்படாதுல்ல. போனேன்.

தம்பி, சந்தைன்னா அது சந்தை. நம்ம ஊர்ச் சந்தையையே எடுத்துக் கழுவித் துடைச்சு வச்ச மாதிரி. கொத்தமல்லி, எலுமிச்சை, தேங்கா, வாழைப்பூ, தட்டாங்காய் ஒரு முழம் நீளத்துக்கு. ஒரு அம்மா பணியாரக் கல்லுல பணியாரம் சுடுது. சத்தியமாச் சொல்றேன், நம்ம பணியாரக் கல்லேதான். தேங்காப்பாலும் அரிசி மாவும் ஊத்தி, மேல வெங்காயத்தாளைத் தூவி, கரண்டியால தோண்டித் தோண்டி எடுக்குது. அமிர்தவல்லி அம்மா வாங்கி எங்கிட்ட நீட்டுனாக. நான் வேணாம்னேன். "சூடு ஆறிரும், வாயைத் தொறங்க"ன்னாக. எக்சேஞ்சுல அதிகாரம் பண்ணுன பழக்கம் போல. தொறந்தேன். வெளியில மொறுமொறு, உள்ள பாலாடை. நாக்கு பொத்துப் போச்சு, ஆனா அடுத்ததையும் வாங்கித் தின்னேன்.

அதோட விட்டுருக்கலாம். பக்கத்துல பப்பாளிக்காச் சாலட் போடுற கடை. இந்தா, இதே மாதிரி உரலு. பப்பாளிக்காயைச் சீவிப் போட்டு, தட்டாங்காய், வறுத்த கடலை, காஞ்ச கூனி எறால், எலுமிச்சை, அவுக ஊர்ப் பனைவெல்லம் எல்லாம் போட்டு நங்கு நங்குன்னு இடிக்காக. போடுறதுக்கு முன்னாடி மிளகாய் எத்தனைன்னு நம்மகிட்டக் கேக்காக. சின்ன மிளகா, சுண்டுவிரல்ல பாதிதான் இருக்கும். அமிர்தவல்லி அம்மா ஒத்த விரலைக் காட்டுனாக.

எனக்கு எங்க இருந்துதான் அந்தக் கொழுப்பு வந்துச்சோ. நான் யாரு, மிளகாய்லயே பொறந்து வளந்தவன். எனக்கு மிளகாயைப் பத்திக் கேள்வி கேக்கலாமா? ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனேன், பத்து விரலையும். கடைக்கார அம்மா தலையை ஆட்டுச்சு, வேணாங்குது. நான் அங்கன தொங்குன வத்தல் ஒன்னை எடுத்துக் காதுகிட்ட ஆட்டிக் காட்டி, நெஞ்சுல தட்டி, நம்ம மிளகா யாவாரி பாத்துக்கோன்னு சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன். அதுக்குப் புரிஞ்சுருச்சு. அம்புட்டையும் போட்டு இடிச்சுக் குடுத்துருச்சு.

முதல் வாய் நல்லாத்தான் இருந்துச்சு. புளிப்பு, இனிப்பு, உப்பு எல்லாம் தனித்தனியா வந்து வணக்கம் சொல்லுச்சு. ரெண்டாவது வாய்க்குக் காதுக்குள்ள பஸ் ஹாரன் அடிக்குது. மூக்கு, கண்ணு எல்லாம் ஊத்துது. கடைக்கார அம்மா சிரிக்குது, பக்கத்துக் கடைக்காரன் எந்திரிச்சு வந்து பாக்கான். நான் விடலையே. யாவாரத்துல பேரு கெட்டுரும்ல, முழுசாத் தின்னேன். அமிர்தவல்லி அம்மா கையில பசையா ஒட்டுற அந்த ஊர் ஒட்டுச் சோத்தை உருட்டி உருட்டிக் குடுத்தாக, தண்ணி குடிச்சா எரிச்சல் கூடும்னு தண்ணியைப் புடுங்கிக்கிட்டாக.

ஆனா தம்பி, எரிச்சல் அடங்குனதுக்கு அப்புறமும் கண்ணுல தண்ணி நிக்கல. அதுபாட்டுக்கு வருது. கனி போனப்ப ஊரே அழுதுச்சு, எனக்கு வரலை. காரியம், கடை, ஆளுக்குச் சாப்பாடுன்னு ஓடிக்கிட்டே இருந்தேன். அதெல்லாம் எங்க அடைச்சுக்கிட்டு இருந்துச்சோ, அந்நிய தேசத்துல ஒரு காய்கறிக் கடை ஸ்டூல்ல உக்காந்து அழுதேன். அவுக வெள்ளரிக்காய் விலை கேக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாக. நான் மூஞ்சியைத் துடைச்ச பெறகுதான் திரும்புனாக. "மிளகா ரொம்பக் காரமோ அண்ணாச்சி"ன்னாக. "ஆமா, கொஞ்சம்"னேன். மிளகாதான் காரணம், அதைச் சொல்லிருறேன்.

அன்னையில இருந்து நாகுப்பிள்ளை சாம்பாருக்கு நாங்க போகவே இல்ல. எல்லாரும் கோவில், கடல்னு பஸ்ல போறாக, நாங்க சந்தை சந்தையா அலையறோம். படகுலயே வச்சு நூடுல்ஸ் விக்கிற சந்தை. அப்புறம் ஒரு புளிப்புச் சூப்பு. நம்ம ரசத்தைக் கடலுக்குள்ள முக்கி எடுத்த மாதிரி, எறால் மிதக்கும். மாம்பழமும் தேங்காப்பால் ஊத்துன ஒட்டுச் சோறும். மாம்பழத்தைச் சோத்தோடவான்னு நான் சிரிச்சேன். அவுக கேட்டாக, "உங்க வீட்டுல தயிர்ச்சோத்துக்கு மாம்பழம் தொட்டுக்கிட மாட்டீகளா?" தொட்டுக்கிடுவோம். கனி அப்படித்தான் பிசைஞ்சு வைப்பா. நான் அதை மறந்தே போயிருந்தேன். அவுகட்டச் சொன்னேன். கனியைப் பத்தி அம்புட்டு நேரம் நான் யார்ட்டயும் பேசுனது கிடையாது. அவுக கேட்டுக்கிட்டே இருந்தாக. எக்சேஞ்சுல ஊர்ப்பட்ட சனம் பேசுறதைக் கேட்டவுக, கேக்குறது அவுகளுக்குப் பழக்கம்.

ஒரு நாள் ரயில் சந்தைக்குப் போனோம். தண்டவாளத்து மேலயே கடை போட்டிருக்காக. ரயில் வர்ற சத்தம் கேட்டதும் பந்தலைச் சுருட்டுறாக, கூடையை இழுக்குறாக, ரயில் கத்திரிக்காயை உரசிக்கிட்டுப் போகுது. போனதும் பழையபடி விரிச்சுப் போட்டுட்டு யாவாரம். நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கேன். அமிர்தவல்லி அம்மா சட்டுன்னு என் கையைப் பிடிச்சுப் பின்னால இழுத்துட்டாக. பாதுகாப்புக்குத்தான். ரயில் போயிருச்சு. கூட்டம்ல, கையை விட்டா ஆளைத் தொலைச்சிருவோம்ல, அதனால அப்படியே பிடிச்சுக்கிட்டு நடந்தோம். கூட்டம் ஒன்னும் பெருசா இல்லதான். ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது.

நள்ளி தாண்டிருச்சா? தாண்டிருச்சு. அப்ப வந்துரும். சீப்பு இருக்கா தம்பி? ஜன்னல் காத்துல தலை பரட்டையாயிருச்சு. இல்லையா, பரவாயில்ல, கையால ஒதுக்கிக்கிறேன்.

இதைக் கேளுங்க, இதுதான் வேடிக்கை. நம்ம சித்திரை வருசப்பிறப்புதான் அவுகளுக்கும் வருசப்பிறப்பு. அன்னைக்கு ஊரே தண்ணி ஊத்தி விளையாடுது. போலீஸ்காரன், கடைக்காரன், சுமை தூக்குறவன்னு வித்தியாசமே கிடையாது, வாளி வாளியா ஊத்துறாக. நாங்க சந்தை முக்குல வறுத்த வாழைப்பழம் தின்னுக்கிட்டு நிக்கோம். அமிர்தவல்லி அம்மா ஒரு கடைக்காரிகிட்டக் கிண்ணத்தை வாங்கி, தண்ணியை மொண்டு, என் தலையோட ஊத்திட்டாக. பூவெல்லாம் கிடக்கு அந்தத் தண்ணியில. கொஞ்சம் மஞ்சளாக்கூட இருந்துச்சு.

நம்ம பக்கம் பங்குனிப் பொங்கல்ல யாரு மேல தண்ணி ஊத்துவாக? முறைமாமன் மேலதான ஊத்துவாக. அண்ணாச்சின்னு வாய் நெறயக் கூப்பிடுற ஆளு மேல யாராவது ஊத்துவாகளா? அதைச் சொல்லியும் பாத்தேன். "ஏம்மா, நம்ம ஊர்ல இதுக்கு ஒரு முறை இருக்குல்ல"ன்னேன். அவுக கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "தெரியும்"னாக. அம்புட்டுதான். தெரியும்னு சொல்லிட்டா ஆச்சா? முறை தெரிஞ்சவுக செய்ற வேலையா அது. எக்சேஞ்சுலயே இருந்துட்டாக, ஊர்ப் பழக்கம் மறந்திருக்கும் பாவம்.

அதுல இருந்து இன்னொன்னு. அவுக என்னைய அண்ணாச்சின்னு கூப்பிடுறதை விட்டுட்டாக. "இங்க பாருங்க", "ஏங்க, இதைப் பிடிங்க", இப்படித்தான். கோவமோன்னு நினைச்சேன். கோவம்னா சிரிக்க மாட்டாகளே. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாக. சளி பிடிச்சு வாய் வரலை போலன்னு விட்டுட்டேன்.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தி கடைசியா அதே பின்தெருச் சந்தைக்குப் போனோம். எனக்கு அன்னைக்கு ஒன்னும் ஓடலை. பணியாரம் வாங்கிக் கையில வச்சுக்கிட்டுத் திங்காம நின்னேன். நாளைக்குக் காலையில சாத்தூர்ல கல்லாப்பக்கம் உக்காந்திருப்பேன், எவன் என்னைய வாயைத் தொறங்கன்னு சொல்லப் போறான்னு நினைப்பு. அவுக கடைசியில இந்த உரலை வாங்குனாக, உலக்கையோட. வாங்கி நேரா எங்கிட்டக் குடுத்து, "என் பையில இடம் இல்ல, நீங்க கொண்டு வாங்க"ன்னாக. என்னமோ, வந்த அன்னைக்கு அவுக பை பாதி காலியாத்தான் இருந்துச்சு. கெட்டிக்காரி, வாங்கிட்டுப் போறதுக்கு இடம் விட்டுட்டு வந்திருக்காகன்னு நான்கூட மெச்சிக்கிட்டேன். அப்புறம் எதையும் வாங்குன மாதிரியும் தெரியலை. திங்கத்தான் செஞ்சோம்.

மதுரை ஏர்போர்ட்ல இறங்கி உரலை நீட்டுனேன். அவுக அண்ணன் மகன் கார் கொண்டாந்திருந்தான். அவுக வாங்கலை. "கார்ல ஆட்டும், உடைஞ்சு போகும். இப்ப வேணாம். நீங்க ஒரு நாள் பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்து குடுங்க"ன்னுட்டு ஏறிப் போயிட்டாக. பொருள் மேல எம்புட்டு அக்கறை பாருங்க.

வந்ததும் குடுத்திருக்கலாம்தான். வைகாசியில போக நினைச்சேன், சட்டை தைக்கக் குடுத்தது வரலை. ஆனியில தங்கராசு ஊர்ல இல்ல. பெறகு ஆடி வந்துருச்சு. ஆடியில எப்படிப் போறது? ஆவணி வரட்டும்னு வச்சிருந்தேன். பொறந்துருச்சு, காலண்டர்ல இன்னைக்கு முகூர்த்த நாள், ராகு காலம் பாத்து அதுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிச்சேன். மகன், "எதுக்குப்பா, பார்சல்ல போட்டா போயிருமே"ன்னான். பார்சல்ல தூக்கி எறிவான், உடைஞ்சிரும்னேன். அவன் என் சட்டையைப் பாத்தான், தலையைப் பாத்தான். "சரிப்பா, மெதுவாப் போயிட்டு வாங்க"ன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டான். மருமக ஒரு முழம் பூவைப் பையில வச்சு விட்டிருக்கா. யாருக்குன்னு சொல்லலை. உரலு ஆடாம இருக்கவோ என்னமோ.

என்ன தம்பி? இல்ல, இந்தப் பஸ் சத்தத்துல கேக்கலை, இன்னொரு தடவை சொல்லுங்க.

கார்ல ஆட்டும்னா பஸ்ல ஆட்டாதான்னா கேக்குறீக?

ஆட்டும். கார்ல விட பஸ்ல கூடத்தான் ஆட்டும். இப்பவே ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கு, நான் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

அப்ப அவுக ஏன் அப்படிச் சொன்னாக.

பையும் பாதி காலி. தண்ணி ஊத்துறப்ப முறை தெரியும்னாக. அண்ணாச்சியும் சொல்லலை.

தம்பி, கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. நெஞ்சு படபடங்குது. மிளகாத் தின்ன அன்னைக்குக் கூட இப்படி அடிக்கலை. நீங்க சிரிக்குறீக. எம்புட்டு நேரமாச் சிரிச்சுக்கிட்டு இருக்கீக? சாத்தூர் தாண்டுனதுல இருந்தேவா? மகனும் இப்படித்தான் சிரிச்சான், மருமகளும் சிரிச்சா. தங்கராசு கூடச் சிரிச்சான். அப்ப ஊருக்கே தெரிஞ்சது எனக்குத்தான் தெரியலையா?

நான் பாட்டுக்கு மூணு மாசத்துக்கு மேல அவுகளைக் காக்க வச்சிருக்கேன் பாருங்க. சட்டை, தங்கராசு, ஆடின்னு. அவுக மனசு மாறியிருந்தா? கதவைத் தொறந்து, "வாங்க அண்ணாச்சி, உரலைக் குடுங்க"ன்னு வாங்கி வச்சுட்டு, ஒரு மோரைக் குடுத்து அனுப்பிட்டாகன்னா? அதோட முடிஞ்சு போச்சே. இந்த உரலை விட்டா மறுபடி அந்த வீட்டுக்குப் போக எனக்கு என்ன இருக்கு? அவுக முகத்தைப் பாக்கணும் தம்பி. அதுக்குத்தான் போறேன். இம்புட்டு நேரம் உரலு உரலுன்னு உங்களைப் போட்டு அறுத்துட்டேன், உரலும் இல்ல ஒன்னும் இல்ல, அவுகளைப் பாக்கத்தான் போறேன்.

கோவில்பட்டியா? அதுக்குள்ளயா? கண்டக்டர் சார், இருங்க, இறங்கணும், ஒரு நிமிசம்.

நீங்க எந்திரிக்க வேணாம், நான் வந்துருவேன். இந்தப் பையை மட்டும் பிடிங்க. உரலை எடுத்துக்கிறேன். பூவையும் எடுத்துக்கிறேன். இந்தாங்க, உலக்கை உங்ககிட்டயே இருக்கட்டும். ஆமா, தெரிஞ்சுதான் குடுக்கேன். சாயங்காலம் திரும்புறப்ப சாத்தூர்ல நம்ம கடையில குடுத்துருங்க, வத்தக்கடைன்னா யாரும் காட்டுவாக. அவுக கேட்டாகன்னா, அடடா உலக்கையை மறந்துட்டேன், அடுத்த வாரம் கொண்டாரேன்னு சொல்லிக்கிடுறேன்.

நம்புவாகளான்னா கேக்குறீக? கார்ல உரல் உடையும்னா, பஸ்ல உலக்கை மறக்காதா தம்பி?